ஆம்னி வேனில் கிழிந்த ஸ்டீரிங் பூட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988 முதல் ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்ற வண்டி இது. இனி புது ஆம்னி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் வயதான வண்டி, அதன் ரப்பர்களும் வயதானவை. அவற்றில் முதலில் கிழிவதும் கடைசியாகக் கண்ணில் படுவதும் ஸ்டீரிங் பூட். அதை மாற்றுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் கீழே.

ஸ்டீரிங் பூட் என்றால் எது? வண்டிக்குக் கீழே நிறைய ரப்பர் இருக்கிறதே?

ஆம்னியில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங். முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு குழாய் போன்ற ஹவுசிங் இருக்கும். அதற்குள் பல் வெட்டிய கம்பி ஒன்று இடமும் வலமும் நகரும், அதுதான் ரேக். ஸ்டீரிங்கோடு சுற்றி அதை நகர்த்தும் சின்னப் பல் சக்கரம் பினியன். ஹவுசிங்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடு வெளியே வந்து சக்கரத்தைத் திருப்பும். ஹவுசிங் முடிகிற இடத்துக்கும் டை ராடுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை மாட்டியிருக்கிறதே, அதுதான் ஸ்டீரிங் பூட். கடையில் ரேக் பூட் என்றும் பெல்லோஸ் என்றும் கேட்பார்கள்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஆக்ஸிலுக்கும் இதேபோல மடிப்பு ரப்பர் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ஆம்னியில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. இந்த வண்டியில் பின்சக்கரம்தான் தள்ளுகிறது, முன்னால் ஆக்ஸில் ஷாஃப்டே கிடையாது. முன் சக்கரத்துக்கு உட்புறம் நீளமான மடிப்பு ரப்பர் தெரிந்தால் அது ஸ்டீரிங் பூட்தான்.

டை ராடின் வெளிமுனையில், சக்கரத்தோடு சேரும் துண்டு டை ராடு எண்டு. அதன் பந்து மூட்டுக்கு மேல் கிண்ணம் போல ஒரு சிறிய ரப்பர் இருக்கும். அது டஸ்ட் கவர், வேறு பொருள். அது கிழிந்தால் பெரும்பாலும் டை ராடு எண்டையே மாற்றிவிடுவது நல்லது.

கிழிந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். ஒரு பூட் விரியும், மற்றது சுருங்கும். விரிந்த பூட்டில் டார்ச் அடித்து, மடிப்புகளின் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கும், சுருங்கிய நிலையில் அது தெரியவே தெரியாது. பிறகு மறுபக்கம் திருப்பி அடுத்ததைப் பாருங்கள்.

மேல்பக்கம் கை விட்டுத் தடவ மறக்காதீர்கள். கீழிருந்து பார்க்கும்போது முழுசாகத் தெரியும் பூட், மேலே வாய் பிளந்து கிடக்கும். பூட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தாலும், கிளிப் கழன்று ஒரு முனை தனியே தொங்கினாலும் கிழிந்ததாகவே கணக்கு.

சின்னக் கிழிசல்தான். எத்தனை நாள் ஓட்டலாம்?

பூட்டை வெறும் மூடி என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. அது வேலை செய்யும் விதம் கொல்லன் பட்டறைத் துருத்தி போல. ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பூட் சுருங்கிக் காற்றைத் தள்ளும், மற்றது விரிந்து காற்றை இழுக்கும். முழு பூட்டாக இருந்தால் இந்தக் காற்று ஹவுசிங் வழியாக உள்ளேயே போய் வரும். கிழிந்துவிட்டால் வெளியிலிருந்து இழுக்கும். சக்கரம் வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீரும் புழுதியும் அதோடு உள்ளே போகும். ஆகவே கிழிசல் சின்னதா பெரியதா என்பதைவிட, நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்கள், சாலை எப்படி இருக்கிறது என்பதே கணக்கு.

காய்ந்த தார்ச்சாலையில் சில நாள் ஓட்டிவிட்டு மாற்றலாம். மழை நாளில் தேங்கிய தண்ணீரில் ஒரு தடவை இறங்கி ஏறினால் போதும், உள்ளே தண்ணீர் நின்றுவிடும். கிரீஸோடு மணல் கலந்தால் அது உப்புத்தாள் தேய்ப்பதுபோல ரேக் எண்டின் (ரேக்கும் டை ராடும் சேரும் மூட்டு) பந்தையும் ஹவுசிங் முனையில் உள்ள புஷ்ஷையும் அரைக்கும். தண்ணீர் ரேக் கம்பியில் துருப்புள்ளி வைக்கும், அந்தப் புள்ளி புஷ்ஷைச் சுரண்டும். பூட் சில நூறு ரூபாய்ப் பொருள். ரேக் போனால் சில ஆயிரம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை கீழே படுத்துப் பார்த்துவிடுவது இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மலிவான வைத்தியம்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது இதைப் பார்ப்பார்களா?

பார்க்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டீரிங் பற்றியது. ஸ்டீரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஸ்டீரிங் இணைப்புகளின் பந்து மூட்டுகள் எல்லாம் ரப்பர் மூடியால் காக்கப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டோ பின்னோ போட்டு இறுக்கிய இடங்கள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றையும் அந்த விதி சொல்கிறது. ரேக் எண்டும் ஒரு பந்து மூட்டுதான், அதைக் காப்பது இந்தப் பூட். நட் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் போடாமல் விட்டாலும் இதே விதியில் மாட்டும்.

சொந்த உபயோக வண்டி 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது, அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை, இந்தச் சோதனை வரும். வாடகை வண்டிக்கு இன்னும் அடிக்கடி வரும்.

எப்படிப்பட்ட பூட் வாங்குவது?

கம்பெனி ஒரிஜினலோ, பெயர் தெரிந்த ரப்பர் தயாரிப்போ வாங்குங்கள். கையில் எடுத்து மடிப்பை முழுக்க இழுத்துப் பிடித்துப் பள்ளத்தைப் பாருங்கள். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். இழுத்ததும் பள்ளத்தில் வெளுத்துக் கோடு விழுந்தால் அது கடை அலமாரியிலேயே வயதாகிப் போன சரக்கு, வேண்டாம். பூட்டை நசுக்கிவிட்டு விட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும்.

பழையதோடு நான்கு அளவுகளை ஒப்பிடுங்கள்: பெரிய வாயின் உள்விட்டம், சின்ன வாயின் உள்விட்டம், சும்மா இருக்கும்போது நீளம், முழுக்க இழுத்தால் நீளம். மடிப்புகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். நீளம் போதாத பூட்டை மாட்டிவிடலாம், ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது சின்ன வாய் தன் காடியை விட்டு நழுவும். பினியன் உள்ள ஓட்டுநர் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் அளவு வேறாக இருக்கலாம். எனவே கடையில் எந்தப் பக்கம் என்று சொல்லியே கேளுங்கள்.

நீளவாக்கில் வெட்டி, ஒட்டவோ திருகு போட்டு மூடவோ செய்கிற பிளவு பூட்டும் விற்கிறார்கள். டை ராடு எண்டைக் கழற்றாமலே மாட்டலாம் என்பார்கள். ஒட்டு விரிந்து சுருங்கும் இடத்தில்தான் அமைகிறது. சில மாதம்கூடத் தாங்காது. வாங்க வேண்டாம்.

ஒரு பக்கம்தான் கிழிந்திருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே வெயிலும் சேறும் பட்டவை. எந்தப் பக்கம் கழற்றினாலும் அலைன்மெண்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். அந்தச் செலவை இரண்டு தடவை செய்வானேன்?

என்னென்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரத்துக்கு அடை கட்டைகள். வீல் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர் செட், டை ராடு புல்லர் அல்லது கனமான சுத்தியல் இரண்டு, கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், வயர் பிரஷ், ஸ்கேல், பெயிண்ட் மார்க்கர் அல்லது கொஞ்சம் வெள்ளை பெயிண்ட், துரு இளக்கும் ஸ்பிரே, பஞ்சு உதிராத பழைய பருத்தித் துணி.

பொருட்களில், பூட் இரண்டு, பெரிய கிளிப் இரண்டு, சின்ன கிளிப் இரண்டு, புது ஸ்பிளிட் பின் இரண்டு, லித்தியம் கிரீஸ் 100 கிராம். கிரீஸ் அவ்வளவு வேண்டியதில்லை, மீதி வீட்டில் இருக்கட்டும். பூட்டோடு கிளிப் வரும் என்று நம்பிப் போகாதீர்கள், பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் முறை என்ன?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடை கொடுங்கள். முன் வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கிவிட்டு, பிறகு முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டிலும் ஏற்றுங்கள். இரண்டு சக்கரமும் தூக்கியிருந்தால்தான் ஸ்டீரிங்கை இஷ்டம் போலத் திருப்பி வேலை பார்க்கலாம். சக்கரங்களைக் கழற்றுங்கள்.

டை ராடின் மரையை வயர் பிரஷால் தேய்த்து, ஸ்பிரே அடித்து 20 நிமிடம் ஊற விடுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் மரையைத் தின்றுவிடுகிறார்கள். ஊறும் நேரத்தில் அடையாளம் வையுங்கள். டை ராடு எண்டை இடம் மாறாமல் பூட்டும் லாக் நட் நிற்கும் இடத்தில் டை ராடின் மீது வெள்ளைக் கோடு ஒன்று. லாக் நட்டின் முகத்திலிருந்து டை ராடு எண்டின் பந்து நடுமையம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று நினைத்து ஒன்றை மட்டும் அளக்காதீர்கள்.

டை ராடு எண்டு இன்னும் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புத் துண்டில்) மாட்டியிருக்கும்போதே லாக் நட்டைக் கால் சுற்று இளக்குங்கள். வரிசை முக்கியம், எண்டைக் கழற்றிய பிறகு லாக் நட்டைத் திருகினால் எல்லாம் சேர்ந்து சுற்றும். அடுத்து ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, கேசில் நட்டை (பின் நுழையப் பள்ளம் வெட்டிய நட்) முனை வரை இளக்குங்கள். முழுக்க எடுக்க வேண்டாம், கடைசி இரண்டு மரையில் நிற்கட்டும். டேப்பர் (நக்கிளில் இறுகியிருக்கும் கூம்பு வடிவத் தண்டு) விடும்போது டை ராடு கீழே விழாமல் அது பிடித்துக்கொள்ளும்.

டேப்பரை விடுவிக்கப் புல்லர் நல்லது. இல்லையென்றால், நக்கிளில் பந்து மூட்டு நுழைகிற கண்ணின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் நச்சென்று இரண்டு மூன்று அடி. கண் ஒரு கணம் நசுங்கி மீளும்போது டேப்பர் விடும். மரை முனையின் மேல் அடித்தால் மரை காளான் போல விரிந்து நட் ஏறாமல் போகும். பிளவு நெம்புகோலைச் செருகி அடிக்கும் முறையும் உண்டு. அது டஸ்ட் கவரைக் கிழித்துவிடும், எண்டையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள்.

எண்டைத் திருகிக் கழற்றும்போது ஒவ்வொரு முழுச் சுற்றையும் வாய்விட்டு எண்ணி எழுதுங்கள். லாக் நட்டையும் கழற்றியபின் பூட்டின் சின்ன கிளிப்பை நோஸ் பிளேயரால் நழுவச் செய்து, பெரிய கிளிப்பை வெட்டி எடுங்கள். பழைய பூட்டைப் பிளேடால் அறுத்து எடுப்பதானால் டை ராடிலும் ஹவுசிங் விளிம்பிலும் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பூட் அந்த இடத்தில்தான் இறுக உட்கார வேண்டும்.

பூட்டை எடுத்தபின் உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

வேலையின் பாதி இதுதான். அழுக்குக் கிரீஸுக்கு மேலேயே புதுப் பூட்டைப் போர்த்தி அனுப்பிவிடுவது சகஜமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் மணலை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

முதலில் கிரீஸைப் பாருங்கள். பழுப்போ கறுப்போ வழவழவென்று இருந்தால் நல்லது. பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் நறநறவென்றால் மணல். பிறகு ஸ்டீரிங்கை மெல்லத் திருப்பி ரேக்கை வெளியே வரச் செய்து கம்பியைத் துடைத்துப் பாருங்கள். வலது கை ஸ்டீரிங் வண்டியில் பல் வெட்டிய பகுதி ஓட்டுநர் பக்கம் தெரியும், மறுபக்கம் வழுவழுப்பான உருளை. உருளையில் மேலோட்டமான துருக்கறை துணியில் வந்துவிட்டால் பயமில்லை. நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அது புஷ்ஷைத் தின்னும்.

அடுத்து ரேக் எண்டு. டை ராடைப் பிடித்துத் தூக்கி விட்டால் கொஞ்சம் இறுக்கத்தோடு இறங்க வேண்டும். செத்த கை போலத் தொப்பென்று விழுந்தால் பந்து தேய்ந்திருக்கிறது. டை ராடை நீளவாக்கில் உள்ளே வெளியே தள்ளி இழுங்கள், துளி ஆட்டம் இருந்தாலும் ரேக் எண்டை இப்போதே மாற்றுங்கள். ரேக் எண்டைப் பூட்டும் வாஷரின் மடிப்பு நிமிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரேக் எண்டைக் கழற்றினால் அந்த வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும், ஒரு தடவை மடித்ததை நிமிர்த்தித் திரும்ப மடித்தால் உடையும்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாமா?

கூடாது. ஹவுசிங்குக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால், மணல் போகிறதோ இல்லையோ, பினியன் பேரிங்கிலும் புஷ்ஷிலும் இருக்கும் நல்ல கிரீஸ் கரைந்து போகும். மிச்சம் நிற்கும் மண்ணெண்ணெய் புது ரப்பரையும் ஊத வைக்கும். துணியால் துடைத்து, ரேக்கை வெளியே வரவழைத்துத் துடைத்து, உள்ளே இழுத்து, மறுபடி வரவழைத்துத் துடையுங்கள். துணி சுத்தமாக வரும் வரை நாலைந்து தடவை செய்ய வேண்டும்.

கிரீஸ் எவ்வளவு? எந்தக் கிரீஸ்?

என்.எல்.ஜி.ஐ. 2 தர லித்தியம் கிரீஸ் போதும், வீல் பேரிங்குக்கு வாங்குவதுதான். ரேக் எண்டின் பந்தைச் சுற்றி நன்றாகப் பூசுங்கள், ரேக் கம்பியில் மெல்லிய படலம், ஓட்டுநர் பக்கம் பல் இடுக்குகளில் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு இரண்டு தேக்கரண்டி தாண்ட வேண்டாம். பூட் நிறைய அடைத்தால் காற்று போய் வரும் வழி அடைபடும். அப்புறம் திருப்பும்போது ஒரு பூட் பலூன் போல ஊதும், மற்றது உறிஞ்சிக்கொண்டு கம்பியோடு ஒட்டும். ஒட்டிய மடிப்பு உரசிக் கிழிகிறது.

பூட்டின் சின்ன வாய் உட்காரும் டை ராடு காடியில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

முதல் இடம் மரை. சின்ன வாயைக் கூரான மரையின் மேல் இழுத்துத் தள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஆறே மாதத்தில் அங்கே கிழியும். மரையின் மேல் பாலிதீன் பையைச் சுற்றிவிட்டு, அதன் மேல் பூட்டை வழுக்கி ஏற்றிப் பிறகு பையை உருவிவிடுங்கள்.

இரண்டாவது, பெரிய வாய். ஹவுசிங் விளிம்பின் காடியில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று மேல்பக்கமும் விரல் விட்டுத் தடவிய பிறகே கிளிப்பை இறுக்க வேண்டும். கம்பி போட்டுக் கட்டும் வகை என்றால், துருப்பிடிக்காத கம்பியை இரட்டைச் சுற்றாகச் சுற்றி, முனைகளை நாலு முறுக்கு முறுக்கி, முறுக்கிய காம்பை ஹவுசிங்கை ஒட்டிப் படுக்கவைத்துவிடுங்கள். கூரான முனை பூட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பி மழைக்காலம் தாண்டாது.

மூன்றாவது, ஸ்டீரிங் நேராக இருக்கும்போது பூட்டை மாட்டாமல், திருப்பிய நிலையில் மாட்டுவது. அப்போது மடிப்பு சமமாக அமையாது. சக்கரங்களை நேராக்கிச் சின்ன வாயைக் காடியில் உட்காரவைத்து, கிளிப்பைப் போட்டு, பூட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று மடிப்பின் கோடுகளைப் பாருங்கள்.

பிறகு லாக் நட்டைப் பழைய வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, எண்டை எண்ணிய அதே சுற்றுகள் ஏற்றி, ஸ்கேல் அளவையும் சரிபாருங்கள். டேப்பரைக் கிரீஸ் இல்லாமல் துடைத்து நக்கிளில் நுழைத்து, கேசில் நட்டைச் சுமார் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேருக்கு வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், ஓட்டைக்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. புது ஸ்பிளிட் பின் போட்டுக் கால்களை விரித்து மடக்குங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.

லாக் நட்டை இறுக்கும்போது டை ராடை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் டை ராடு சுழன்று பூட்டையும் முறுக்கிவிடும். கடைசியாக ஸ்டீரிங்கை இரு எல்லைக்கும் மூன்று தடவை திருப்பி, பூட் ஊதுகிறதா, எங்கேனும் உரசுகிறதா, மடிப்பு உள்பக்கம் புரள்கிறதா என்று பாருங்கள்.

கேசில் நட்டைத் திருகினால் பந்தும் சேர்ந்து சுற்றுகிறது. என்ன செய்வது?

டேப்பர் பிடிக்கவில்லை. டை ராடு எண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து நக்கிளுக்குள் அழுந்தும்படி மெல்லத் தூக்குங்கள். பிடிப்பு வந்ததும் நட்டைத் திருகலாம். எண்டு மேலிருந்து நுழையும் அமைப்பாக இருந்தால் மேலிருந்து நெம்புகோலால் அழுத்த வேண்டும்.

லாக் நட் அசையவே இல்லை. காஸ் காட்டிச் சுடலாமா?

பூட்டையும் எண்டையும் இரண்டையும் மாற்றுவதாக இருந்தால் மட்டும். சூடு மரை வழியாகப் போய் எண்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையையும் கிரீஸையும் கெடுத்துவிடும். அதற்கு முன் ஸ்பிரேயை இரவு முழுக்க ஊற விட்டு, பொருத்தமான ரிங் ஸ்பேனரால் முதலில் கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பிறகு இளக்கிப் பாருங்கள். துருவின் பிடி பெரும்பாலும் அதில் விட்டுவிடும்.

கேபிள் டை, ஓஸ் கிளிப் போட்டுச் சமாளிக்கலாமா?

சின்ன வாய்க்கு நல்ல தரமான கறுப்பு கேபிள் டை ஓரளவு தாங்கும், வெயிலில் உலர்ந்து ஒடியும் வரை. பெரிய வாய்க்கு வேண்டாம். திருகு வைத்த ஓஸ் கிளிப்பின் திருகுப் பகுதிக்குக் கீழே எப்போதும் ஓர் இடைவெளி நிற்கும், தண்ணீருக்கு அது போதும். அதன் ஓரம் ரப்பரையும் அறுக்கும். வழியில் கிழிந்து வீடு வந்து சேர வேண்டுமென்றால், பாலிதீனைச் சுற்றி டேப் ஒட்டி மெதுவாக வாருங்கள். அது வீடு வரைக்கும்தான்.

சுற்றை எண்ணித்தான் மாட்டினேன். அலைன்மெண்ட் கட்டாயமா?

கட்டாயம். டை ராடு மரையின் ஒரு சுற்று ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர். நக்கிளின் கை சிறியது, சக்கரம் பெரியது. அதனால் அந்தச் சின்ன மாற்றம் 12 அங்குல ரிம்மின் விளிம்பில் இரண்டரை மடங்கு அளவுக்குப் பெருகும். அரைச் சுற்று தவறினாலே டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விலகும். அதோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால் டயரின் ஓரம் சீவியதுபோலத் தேயும். எண்ணி மாட்டுவது அலைன்மெண்ட் சென்டர் வரை பத்திரமாக ஓட்டிப் போவதற்காக.

சென்டரில் இன்னொரு காரியம் செய்யுங்கள். டோ வைக்க அவர்கள் டை ராடைத் திருகுவார்கள். பூட்டின் சின்ன கிளிப் இறுக்கமாக இருந்தால் டை ராடோடு பூட்டும் திரும்பிப் பிழிந்த துணி போலாகும். புதுப் பூட் சீக்கிரம் கிழிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. காடியில் சிலிக்கான் கிரீஸ் தடவச் சொன்னது இதற்குத்தான். திருகும் முன் சின்ன கிளிப்பை நகர்த்தச் சொல்லுங்கள். முடித்ததும் நீங்களே குனிந்து மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, கிளிப்பை இடத்தில் போட்டபின் காசைக் கொடுங்கள்.

பூட் மாற்றியும் பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்று தட்டுகிறதே?

பூட் சத்தம் போடாது, சத்தத்தை நிறுத்தவும் செய்யாது. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு, ரேக் எண்டு, அல்லது ரேக் புஷ். ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் மூட்டின் மேல் விரல் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் வீல் பேரிங் அல்லது கீழ் பால் ஜாயிண்ட்.

சத்தத்தை அடக்க ஸ்டீரிங் பாக்ஸில் (ரேக் ஹவுசிங்கில்) இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். ரேக் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும், இரு ஓரங்களும் தேயாமல் இருக்கும். நடுவில் சரியாக இருக்கும்படி இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. ஆம்னியில் பவர் ஸ்டீரிங்கும் இல்லை, அந்தப் பிடிப்பு முழுக்க உங்கள் கையில் வரும். அந்த ஸ்க்ரூவைத் தொடுகிறவர், சக்கரங்களைத் தூக்கி ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை திருப்பிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பித் தரக் கூடாது.

புதுப் பூட் எத்தனை வருடம் வரும்?

நல்ல ரப்பர், முறுக்கில்லாமல் மாட்டியது, என்ஜின் ஆயில் சொட்டாத வண்டி என்றால் பல வருடம். என்ஜின் ஆயில் கசிந்து பூட்டில் வழிந்தால் ரப்பர் ஊதி, மெத்தென்றாகி, கிளிப்பின் கீழிருந்து வழுக்கும். அப்போது முதலில் கசிவை அடைக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் அண்டர் வாஷ் செய்யும்போது பிரஷர் கன்னை பூட்டின் வாய்க்கு நேரே வைத்து அடிக்கவிடாதீர்கள், கிளிப்புக்குக் கீழே தண்ணீர் புகும். பளபளப்புக்காகப் பின்சக்கர ஸ்பிரிங் பட்டைகளில் அடிக்கிற கழிவு ஆயிலையும் முன்பக்கம் ஸ்பிரே செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் ஒரு முறை இரண்டு பூட்டையும் விரித்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.